பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போனால்

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிறு மளிகைக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. புதியது வாங்கக் கட்டுப்படியாகாமல் நம்மில் பலர் பழையதை விலை பேசி எடுத்து வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அப்படி வரும் பெட்டிகள் சிலவற்றில் ஒரு கைவேலை நடந்திருக்கும். கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் பிராசஸரை முடுக்கி வைத்திருப்பார்கள். இதற்கு ஓவர்க்ளாக் என்று பெயர்.

கணக்கு எளிது. 2008-ல் வந்த இன்டெல் பென்டியம் இ5200 பிராசஸரை எடுத்துக்கொள்வோம். மதர்போர்டு தரும் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் அதை 12.5 மடங்காக்கி 2,500-ல் ஓடுகிறது. துடிப்பை 266 ஆக்கினால் 3,325. இரண்டரை என்று வாங்கிய சரக்கு மூன்றேகாலுக்கு மேல் போய்விடுகிறது. விற்பவருக்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் மெமரியும் அதே துடிப்பில்தான் ஓடுகிறது. அதன் விகிதத்தைத் தனியே குறைக்காவிட்டால் 800-க்கு என்று செய்த மெமரி 1,066-ல் ஓட வேண்டியிருக்கும்.

காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலை ஏறும் லாரிகளை நாம் தினமும் பார்க்கிறோம். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி காரவள்ளி வரை ஒன்றும் காட்டாது. 70 கொண்டை ஊசி வளைவுகளில்தான் அதன் குணம் தெரியும். கம்ப்யூட்டரும் அப்படியே. காலையில் நாலு பில் போடும்போது ஒழுங்காக இருக்கும். சித்திரை மாத மதியத்தில், மாதக் கடைசிக் கணக்கை ஓட்டும்போது திரை உறைந்துவிடும், அல்லது தானே அணைந்து மறுபடி கிளம்பும்.

நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். நிற்காமலே தப்பாக எழுதுவதுதான் ஆபத்து. சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரின் மெமரிக்குத் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வசதி கிடையாது. எங்கள் மண்டிக்கு இப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. மின்சாரம் சரியில்லை என்று மெக்கானிக் சொல்ல, யு.பி.எஸ். மாற்றியும் நின்றுகொண்டே இருந்தது. ஒரு நாள் பற்று வரவு ஃபைலே திறக்கவில்லை. கார்பன் பில் புத்தகம் இருந்ததால் மூன்று நாள் கணக்கைத் திரும்பப் பதிந்தோம்.

முதலில் மை கம்ப்யூட்டரில் பிராபர்ட்டீஸ் பாருங்கள். பிராசஸர் பெயரோடு 2.50 என்று இருந்து, பக்கத்தில் 3.33 என்று காட்டினால் முடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். மேலே எதுவும் செய்வதற்கு முன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் பட்டனை (சிலவற்றில் எஃப்2) அழுத்தினால் பயாஸ் திரை வரும். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்பதைக் கொடுங்கள். வேகம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க் முறை மட்டும் (ஐ.டி.இ. அல்லது ஏ.எச்.சி.ஐ.) படத்தில் இருந்தபடியே இருக்கட்டும். அது மாறினால் விண்டோஸ் கிளம்பாது.

திரையே வராவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 வட்ட பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போட வேண்டும். இதில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அதைத் திருத்தாமல் பில் போட்டால் ரிட்டர்னில் வம்பு.

இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலை கொடுத்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கோளாறு முடுக்கியதில்தான். இத்தனை வருடம் ஓடியதே என்று சிலர் கேட்பார்கள். குளிர்விக்கும் பசை காய்ந்து போகிறது, மின்தேக்கி தளர்கிறது, சிப்பும் தேய்கிறது. முன்பு தாங்கிய வேகத்தை இப்போது தாங்காது. சில மெக்கானிக்குகள் வோல்டேஜைக் கூட்டி அந்த வேகத்திலேயே நிற்க வைக்கப் பார்ப்பார்கள், சம்மதிக்க வேண்டாம். வோல்டேஜ் சிறிது கூடினாலும் சூடு அதைவிட வேகமாகக் கூடும், பிராசஸரின் ஆயுளும் குறையும்.

பழைய வேகத்திலும் நின்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். நம் கடைகளில் மிளகாய்த் தூளும் மாவும் ஃபேனில் கம்பளி போல அப்பியிருக்கும். தூசியை எடுத்து, புதுப் பசை வைத்து, ஃபேனின் நான்கு கால்களும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால் அந்த பாகத்தை மாற்றியாக வேண்டும். மெம்டெஸ்ட் என்ற இலவச சோதனையை இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, கெட்டதை ஒதுக்குங்கள்.

வேகம் தேவைதான். ஆனால் பில் போடத் தாமதமாவது பெரும்பாலும் பிராசஸரால் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்கால். அதற்குப் பதில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டிஸ்க்கின் மேல் வருடத்தை எழுதி பீரோவில் வைத்துவிடலாம்.