இசைத்தட்டில் அடங்காத இசை

சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு முந்தின இரவு. பந்தல் வேலை முடிந்து சங்கக் கட்டடத் திண்ணையில் நாலைந்து பேர் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவரின் மகன், பொறியியல் படிக்கிற பையன், என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "நயினார் மாமா, 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படத்தோட இசை 2001-ல ஒரே சிடியா வந்துச்சு. 2005-ல அதையே மூணு சிடியா, முழுசா மறுபடி போட்டாங்க. இருபது வருஷமாச்சு, இன்னும் ரசிகர்கள் சண்டை ஓயலை. பாதிப் பேர் கொண்டாடறாங்க, பாதிப் பேர் பழைய சிடியே போதும்கிறாங்க. அதே இசை கூடுதலாக் கிடைச்சா எதுக்கு மாமா குறை சொல்லணும்?"

நல்ல கேள்வி. பாத்திரக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்விதானா என்று நீங்கள் நினைக்கலாம். ஏட்டுச் சுவடி, பழைய பதிப்பு என்று நான் அலைவது ஊரறிந்த விஷயம், அதனால் கேட்டிருப்பான். அன்றைக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் மலருக்காக எழுதுகிறேன். இசை இலக்கணம் கற்ற அன்பர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கணக்கு. வியாபாரிக்கு அளவு தெரியாமல் பேச்சு ஓடாது. சுழலும் வேகத்தால் 78 என்று பெயர் பெற்ற பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். பிறகு வந்த 45 வேகச் சிறிய தட்டில், ஈ.பி. என்பார்களே, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பாட்டு. எல்.பி. எனும் பெரிய தட்டில் பக்கத்துக்கு 20, 25 நிமிஷம். கேசட் பெரும்பாலும் 60 நிமிஷம். ஆகவே 'ஏ' பக்கம் ஒரு படம், 'பி' பக்கம் ஒரு படம். சிடி வந்தபோது 74 நிமிஷம் ஆயிற்று. படமோ இரண்டரை மணி நேரம். எந்தக் காலத்திலும் பாத்திரம் சின்னது, பண்டம் பெரிது. படத்தில் மூன்று சரணம் பாடிய பாட்டு தட்டில் இரண்டு சரணத்தோடு நின்றதற்கும், பின்னணி இசை தட்டில் ஏறாமலே போனதற்கும் இந்த இடநெருக்கடி ஒரு பெரிய காரணம்.

மேல்நாட்டில் இந்த விடுபட்டதைத் தேடி எடுத்து விரிவுப் பதிப்பு போடுவதற்கென்றே சிறு கம்பெனிகள் இருக்கின்றன. மூவாயிரம் படி, ஐயாயிரம் படி என்று அளவாக அச்சிடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்தது. இதில் நமக்குப் புரியக்கூடிய உதாரணம் 'ஜாஸ்'. சுறாமீன் படம், 1975-ல் வந்தது. ஜான் வில்லியம்ஸ் இசை. நம் பக்கத்துத் தியேட்டர்களிலும் ஓடியது. பார்க்காதவர்களுக்கும் சுறா வருகிறபோது கேட்கும் அந்த இரண்டு சுர இசை தெரியும். அந்த ஆண்டே அதன் இசைத்தட்டும் வந்தது. ஆனால் தட்டில் இருந்தது படத்தில் கேட்ட பதிவு இல்லை. வில்லியம்ஸ், வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு ஏற்றபடி துண்டுகளைச் சேர்த்தும் நீட்டியும் மாற்றி எழுதி, வாத்தியக் குழுவை வைத்துத் தனியாக மறுபடி பதிவு செய்தார். மொத்தம் 35 நிமிஷம். ரசிகர்கள் 25 வருஷம் அதையே 'ஜாஸ் இசை' என்று கேட்டு மனப்பாடம் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் டெக்கா கம்பெனி, படத்தில் ஒலித்த அசல் பதிவையே 50 நிமிஷத்துக்கு மேல் தொகுத்து வெளியிட்டது. அப்போது கிளம்பியது சண்டை. இதுவல்லவா நிஜம் என்றது ஒரு சாரார். தட்டில் இருந்த கம்பீரம் இதில் இல்லை, அரை நிமிஷத்தில் அறுந்துபோகிற துணுக்காக வருகிறது என்றது மறு சாரார். 2015-ல் இன்ட்ராடா என்ற கம்பெனி இரண்டு சிடி போட்டது. முதலாவதில் முழுப் படத்தின் இசை, இரண்டாவதில் 1975-ன் பழைய தட்டு, அப்படியே. என் அபிப்பிராயத்தில் இதுதான் ஒழுங்கான தீர்ப்பு.

இதைக் கேட்டதும் எனக்குச் சீவக சிந்தாமணி நினைவு வந்தது. சிரிக்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் அதை 1887-ல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். அதற்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்து நடந்து சந்தேகம் கேட்டதை அவரே எழுதியிருக்கிறார். நச்சினார்க்கினியர் முதலில் ஓர் உரை எழுதினாராம். சமணப் பெரியோர்கள் ஒப்பவில்லையாம். பிறகு சமண நூல்களைப் படித்துத் திருத்தி மறுபடி எழுதினாராம் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஐயரிடம் வந்துசேர்ந்த ஏடுகளிலும் உரை இரண்டு விதமாக இருந்தது. இன்று நாம் படிக்கும் சிந்தாமணியில் 3145 செய்யுள். தேவர் பாடியது 2700 என்றும், மற்றவை பிற்பாடு கந்தியார் முதலானோர் சேர்த்தவை என்றும் சொல்லி வருகிறார்கள். எது முதல், எது கூடுதல், கூடியது பெருமையா கலப்படமா என்கிற வழக்கு நமக்குப் புதிது இல்லை. ஐயர் பாடபேதங்களைத் தூக்கி எறியவில்லை, குறித்து வைத்தார். இன்ட்ராடா செய்ததும் அதுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்ச் சினிமா இசையின் இரண்டு பெரிய கதவுகள் நம்முடைய இந்த எல்லையில்தான் இருக்கின்றன. எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில், 1928-ல். இளையராஜாவின் பண்ணைப்புரம் இடுக்கி மலைக்குக் கீழே, தேனிப் பக்கம். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது (அப்போது இடுக்கி மாவட்டம் என்று ஒன்றே கிடையாது, 1972-ல்தான் பிரித்தார்கள்) கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராசன் கச்சேரி செய்ய மலையேறினார். தமிழ்த் தொழிலாளிகள் நிறைந்த தொகுதி. மேடைப் பேச்சைவிடப் பாட்டு எடுபட்டது. அண்ணனோடு பாட வந்த பையன்தான் பின்னாளில் இளையராஜா. அந்தப் பாட்டுகளைப் பற்றி மூணாறு எஸ்டேட் லயத்துப் பெரியவர்கள் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

இவர்கள் இருவருடைய பாட்டுகளும் தெருவுக்குத் தெரு ஒலித்தன. பின்னணி இசை? அது உண்டாகிற விதத்தைச் சொன்னால் சங்கடம் விளங்கும். படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு, ரீல் ரீலாகத் திரையில் ஓட்டிப் பார்த்து இசை எழுதுவார்கள். ரீ-ரெக்கார்டிங் என்று பெயர். ஒரு ரீல் ஆயிரம் அடி; நிமிஷத்துக்கு 90 அடி வீதம் சுமார் 11 நிமிஷம் ஓடும். இளையராஜா ஒருதடவை பார்த்துவிட்டு அப்படியே நோட்ஸ் எழுதிக் கொடுப்பார் என்று கூட இருந்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். அப்படி வாசித்ததைக் காந்த நாடாவில் பதிந்து, பிறகு வசனம், காலடிச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாவற்றோடும் கலந்து ஒரே ஒலித்தடமாக்கிவிடுவார்கள். மாவில் உப்புப் போட்டுக் கரைத்த மாதிரி. அப்புறம் உப்பை மட்டும் எடு என்றால் நடக்காது. இசையை மட்டும் தாங்கிய நாடா பத்திரமாக இருந்தால்தான் உண்டு. நாடா விலை அதிகம் என்று பல இடங்களில் அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். மேல்நாட்டு ஸ்டூடியோ கிடங்குகளில் நாடா தப்பிக் கிடந்ததால் அங்கே விரிவுப் பதிப்பு வருகிறது. நமக்கு அந்தப் பாக்கியம் குறைவு.

ஆனாலும் நம் ஜனங்கள் பின்னணி இசையைக் காதால் கேட்டே வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் வருமே, ஒரு படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி? 'திருவிளையாடல்' வசனத் தட்டு ஓடாத கோயில் திருவிழா உண்டா? 1984-ல் 'விதி' வந்தபோது அதன் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக அலறியது. கோர்ட் காட்சியின் வாதங்களை ஒப்பிக்கும் பையன்கள் அப்போது என் கடையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். வசனத்துக்கு அடியில் இசையும் வந்துகொண்டே இருந்தது. ஆக, தெரியாமலேயே நாம் ஒரு விதமான விரிவுப் பதிப்பை நெடுங்காலம் கேட்டிருக்கிறோம்.

பின்னணி இசைக்குத் தனி மதிப்பு வந்தது பிற்பாடுதான். 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். பின்னணிக்கான அந்த விருது மலையாள 'பழசிராஜா' படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. 2013-ல் மிஷ்கின் பாட்டே இல்லாமல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுத்தார். டைட்டிலில் பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று போட்டார். அந்த இசை தனியாகவும் வந்தது. 2022-ல் 'விக்ரம்' படத்துக்கு அனிருத் அமைத்த பின்னணி இசையைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்கள். என் பேரன் அதைப் போட்டுக்கொண்டுதான் கணக்குப் பாடம் செய்கிறான். எனக்குச் சத்தம் தாங்கவில்லை. அது வேறு விஷயம்.

பழைய படங்களில் 'கர்ணன்' (1964) படத்தைச் சீர்செய்து, ஒலியையும் புதுப்பித்து 2012 மார்ச்சில் வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர் கோயமுத்தூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எப்படிங்க இருந்தது?" என்றேன். "பிரமாதம். ஆனா நான் பார்த்த கர்ணன் கீறல் விழுந்த கர்ணன். அந்த இரைச்சல் இல்லாம என்னமோ போல இருக்கு" என்றார். 'ஜாஸ்' ரசிகர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. பையனின் கேள்வி என்னை இவ்வளவு தூரம் இழுத்ததற்கு அதுதான் காரணம்.

என் தங்கையை மூணாறில் கொடுத்திருந்தோம். கல்யாணமான புதிது, 1979. சீர்ப் பாத்திரம் கொண்டுபோனவன் இரண்டு நாள் தங்கினேன். அங்கே அப்போது மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' ஓடியது. படம் வந்தது 1978-ல், மலை ஊருக்குக் கொஞ்சம் தாமதமாக ஏறும். மின்சார வேலை நடக்கிற மலையில் விஞ்ச் ஓட்டும் அண்ணன், அவனுடைய ஒரே தங்கை. பள்ளிவாசல் மின்நிலையத்தைத் தினம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. கடைசிக் காட்சியில் தங்கை அண்ணனை நோக்கி ஓடி வருகிற இடத்தில் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் ஏறும்போது, "அண்ணா, அந்தக் கடைசியிலே வர்ற மியூசிக் இருக்கிற பிளேட் வாங்கி அனுப்பு" என்றாள்.

பாலக்காட்டில் வாங்கி அனுப்பினேன். நான்கு பாட்டு இருந்தது. கடைசி இசை இல்லை. "இது இல்லண்ணா" என்று கடிதம் போட்டாள். கடைக்காரரிடம் கேட்டேன். "பாட்டுத்தாங்க தட்டுல வரும், அழுகை எல்லாம் வராது" என்று சிரித்தார். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. புதிதாக எது வந்தாலும் முதலில் அதைத்தான் தேடினேன். அவள் 2011-ல் காலமானாள்.

இந்தத் தடவை விடுமுறைக்கு வந்த அவள் மகன், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன், நான் இதையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தான். பேச்சையும் இசையையும் கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுக்கிற முறை இப்போது இருக்கிறதாம். உப்பை எடுக்க முடியாது என்று மேலே எழுதினேன் அல்லவா. முழுக்க இல்லாவிட்டாலும் ஓரளவு முடிகிறது. அந்தக் கடைசிக் காட்சியிலிருந்து குரல்களை நீக்கி இசையை மட்டும் எடுத்து என் போனில் போட்டுக் கொடுத்தான். தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி ஒரு குழைவு இருந்தாலும் இசை தெளிவாகவே இருந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தேடியது.

இரண்டு தடவை கேட்டேன். மூச்சு வாங்குகிற சத்தமும் பேச்சும் இல்லாமல் வெறுமையாக இருந்தது.

"என்ன மாமா, சரியா இல்லையா?" என்றான்.

"நல்லா இருக்குப்பா. ஆனா பேச்சோட இருந்ததே, அதையும் போட்டுக் கொடு" என்றேன். இப்போது போனில் இரண்டும் இருக்கின்றன.