நகக்கண்ணில் மருவா? பிளேடை எடுக்காதீங்க!

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் தறிச் சத்தம்தான். தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிச்சுப் போடுவதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. அந்த விரல் நுனியில், நகத்தை ஒட்டி, காலிபிளவர் மாதிரி சொரசொரவென்று மரு முளைத்தால் நூல் மாட்டும். அழுத்தினால் வலி உயிர் போகும்.

எதிர் வீட்டு மருமகளுக்கு அப்படித்தான் வந்தது. "இதுக்குப் போய் டாக்டரா?" என்று மாமியார் ஊதுபத்தியால் சுட்டார். அப்புறம் சுண்ணாம்பு; கடைசியில் பிளேடு! மரு போகவில்லை, பக்கத்து இரண்டு விரலுக்கும் பரவியது. நகம் முளைக்கும் வேர், தோலுக்கு அடியில் இருக்கிறது. அது வெந்து போனதால், இப்போது அந்தக் கட்டை விரல் நகம் பிளந்து, கோணலாகத்தான் வளர்கிறது.

கோவிலில் உப்பு, மிளகு போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால் விரலுக்குக் கெடுதல் இல்லை. குழந்தைகளுக்கு வரும் மரு, பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் தானாகவே உதிர்ந்து விடும்.

இது வைரஸ் கிருமியால் வருவது. நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கும், சதா தண்ணீரில் கை ஊறும் நமக்கும் சுலபமாகத் தொற்றும். கால் நகத்தையும் விடாது. வீடு முழுக்க ஒரே நகவெட்டி என்பதை முதலில் மாற்றுங்கள், தோழிகளே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் வைரசும் இதே குடும்பம்தான் என்று கேள்விப்பட்டு பயப்படாதீர்கள். அந்த வகை வேறு, இந்த வகை வேறு.

டாக்டர்கள் பெரும்பாலும் சாலிசிலிக் அமில மருந்து தருவார்கள். வெந்நீரில் விரலை ஊற வைத்து, மேல் தோலை மெல்லத் தேய்த்து விட்டு, மருவின் மேல் மட்டும் தினமும் தடவ வேண்டும். மூன்று மாதம் கூட ஆகலாம். மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனை வைத்து உறைய வைப்பதும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரே விரலில் மட்டும் வருடக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். சில சமயம் தோல் புற்றுநோயும் மரு மாதிரியே இருக்கும். சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வர, நமக்கு ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

— ஒரு வாசகி, ஆர்.கே.பேட்டை.