சாயங்காலத்துக்கு ஒரு ட்யூப்லைட்

மத்தியானம் வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பாட்டி, விளக்கேற்றும் நேரத்தில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். ‘நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்.’ நிற்பதே அவருடைய வீட்டு வாசலில்தான். மறதிநோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற எவருக்கும் இந்தச் சாயங்காலம் தெரியும். அப்புறம் இரவெல்லாம் நடமாட்டம், பகலெல்லாம் நாற்காலியில் தூக்கம்.

இதற்கு மருந்து கூரையில் இருக்கலாமோ என்று நெதர்லாந்தில் ஒரு குழு பார்த்தது. 12 முதியோர் இல்லங்கள், 189 பேர், சராசரி வயது 85-க்கு மேல். பாதி இல்லங்களின் பொதுக்கூடத்தில் கூரை நிறைய ட்யூப்லைட்டுகளை மாட்டி, காலை 9 முதல் மாலை 6 வரை சுமார் 1000 லக்ஸ் வெளிச்சம் தந்தார்கள். மற்ற இல்லங்களிலும் அதேபோல விளக்குகள்தான், வெளிச்சம் மட்டும் 300 லக்ஸ் அளவில். விளக்கைப் பார்த்து உட்காருங்கள் என்று யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காபி குடித்தார்கள், பேசினார்கள். வெளிச்சம் தன் வேலையைச் செய்தது.

என்ன வேலை? கண் பார்ப்பதற்கு மட்டுமானதல்ல. 1998-இல் இக்னாசியோ ப்ரோவென்சியோ, தவளைத் தோலின் நிறமி செல்களில் ஒளியை உணரும் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். மெலனாப்சின் என்று பெயர். தவளைத் தோலில் கிடைத்த அதே சரக்கு நம் விழித்திரையிலும் இருந்தது! 2002-இல் டேவிட் பெர்சன் குழு, அதைத் தாங்கிய செல்கள் தாமாகவே ஒளியை உணர்வதை எலிகளில் காட்டியது. உருவங்களைக் காட்டுவது இவற்றின் முக்கிய வேலையல்ல. ‘விடிந்துவிட்டது’ என்று மூளையின் அடியில் இருக்கும் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புகின்றன, அதுவும் நீலம் கலந்த ஒளியைக் கண்டால் உற்சாகமாக.

வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. அது வடிகட்டுவது அந்த நீலத்தைத்தான். அல்சைமர் வந்தால் கடிகாரச் செல்களும் தேய்கின்றன. இதோடு நாள் முழுக்க மங்கலான அறை. மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வீட்டுக் கூடத்தில் முந்நூறு இருந்தால் அதிகம். கடிகாரத்துக்குப் பகல் எது, ராத்திரி எது?

2008-இல் வெளியான நெதர்லாந்து முடிவுகளில் அற்புதம் எதுவும் இல்லை. அறிவாற்றல் சரிவு 5 சதவீதம்தான் தணிந்தது. மனச்சோர்வு 19 சதவீதம் குறைந்தது. உடுத்துவது, குளிப்பது போன்ற வேலைகளில் தடுமாற்றம் கூடும் வேகமோ 53 சதவீதம் குறைந்தது. பராமரிப்பவரைக் கேட்டால் இந்தக் கடைசிக் கணக்குத்தான் பெரிது என்பார். அதே ஆய்வில், தூக்க ஹார்மோனான மெலடோனின் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தபோது தூக்கம் சீக்கிரம் வந்தது, ஆனால் மனநிலை கெட்டது. வெளிச்சத்தோடு சேர்த்துத்தான் தரலாம் என்றார்கள். பிறகு, 2014-இல், பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு, ஒளிச் சிகிச்சையைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றது. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு நேரம், ஒவ்வொரு கால அளவு.

விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிரகாச விளக்கு மாட்டும்முன் கண் மருத்துவரைக் கேட்பது நல்லது. ஜன்னலோரத்துக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். பாட்டியின் நாற்காலியைக் காலையில் டிவி பக்கத்திலிருந்து நகர்த்தி அங்கே போட்டால், பேப்பரும் படிக்கலாம், தெருவையும் பார்க்கலாம்.