வேலூர் மருத்துவமனையில் தொழுநோய்க் கை மறுசீரமைப்பு ஆய்வு

முன்னுரை

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் ஆய்வகமும் புதிய மருந்துமே நினைவுக்கு வருகின்றன. கற்பித்தலும் சிகிச்சையும் ஒருங்கே நிகழும் மருத்துவமனையிலோ ஆராய்ச்சி பெரும்பாலும் நோயாளியின் அருகில் எழும் வினாவிலிருந்து தொடங்குகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1940களின் இறுதியில் தொடங்கிய தொழுநோய்க் கை மறுசீரமைப்பு ஆய்வு இதற்குச் சான்றாகும். அவ்வாய்வு தோன்றிய முறை, அதன் கண்டறிவுகள், அது அறுவை அரங்கைக் கடந்து விரிந்ததற்கான காரணம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வினாவின் தோற்றம்

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட், 1946இல் வேலூரில் பணியேற்றார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பற்றி, தம் கையை இறுக்குமாறு கூறினார். வலுவற்றது என எண்ணிய அக்கை, அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கியது. தொழுநோயால் தசை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பதே அன்றைய பொதுக்கருத்து. அது சரியெனில் இவ்வலிமை எவ்வாறு எஞ்சியது? ஆய்வு இவ்வினாவிலிருந்து தொடங்கியது.

கண்டறிவும் அறுவை முறையும்

பிராண்டும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்துப் பதிவுசெய்தனர். பாதிப்பு ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகும் இயல்புடையது. ஆகவே முழங்கையருகிலும் மணிக்கட்டருகிலும் தோலையொட்டிச் செல்லும் நரம்புகள் சிதைகின்றன. அந்நரம்புகளால் இயங்கும் உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழப்பதால் விரல்கள் பறவையின் நகம்போல் வளைகின்றன. சிதைவுக்கு மேலேயே நரம்புக்கிளை பெறும் முன்கைத் தசைகள் பல நலமாக எஞ்சுகின்றன. செங்கல்பட்டில் உணர்ந்த வலிமை இத்தசைகளுடையது.

நலமான தசையின் தசைநாணை இடம் மாற்றி இணைத்தால், செயலிழந்த தசையின் வேலையை அது ஏற்கும். இம்முறை இளம்பிள்ளைவாதத்திலும் நரம்புக் காயங்களிலும் முன்னரே அறியப்பட்டதுதான். தொழுநோய்க் கைக்கு அது பயன்படும் என்று நிறுவியதே வேலூரின் புதுமை. 1948இல் தொடங்கிய இவ்வறுவைகளின் பட்டறிவை, 1952இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் சொற்பொழிவில் பிராண்ட் முன்வைத்தார்.

வலியின்மை என்னும் சிக்கல்

விரல்களை நிமிர்த்தியதோடு சிக்கல் தீரவில்லை. சீரமைக்கப்பட்ட கைகளிலும் புதிய புண்கள் தோன்றின. நோயாளிகளின் அன்றாட வேலைகளை உற்றுநோக்கியபோது காரணம் விளங்கியது. சூடான பாத்திரத்தைப் பற்றும்போதும், கருவியை மிகையாக அழுத்தும்போதும் அவர்களுக்கு வலி தெரியவில்லை. உறங்கும்போது எலி கடித்ததைக்கூட உணராதோர் இருந்தனர். அதைத் தடுக்கப் பூனைகள் வளர்க்கப்பட்டன. விரல்கள் குறுகுவதற்கு நேரடிக் காரணம் நோயன்று. உணர்வின்மையால் கவனிக்கப்படாத காயமும் அதன்வழித் தொற்றுமே என்பது தெளிவாயிற்று.

இத்தெளிவு மருத்துவரின் கடமையையே மாற்றியது. அழுகல் என்று கருதியவரை இழப்பு விதியாக இருந்தது. காயம் என்று அறிந்தபின் அது தடுக்கத்தக்கதாயிற்று. கருவிகளின் கைப்பிடி மாற்றப்பட்டது. தச்சு முதலிய தொழில்கள், காயமின்றிச் செய்யும் முறையில் கற்பிக்கப்பட்டன. பாதங்களின் அழுத்தத்தைப் பரவலாக்க, நுண்துளை இரப்பராலான மென்மையான செருப்புகள் உருவாக்கப்பட்டன.

கற்பித்தலின் பங்கு

இவ்வறிவு ஒருவரோடு நின்றுவிடாமைக்குக் கல்லூரிச் சூழல் துணைநின்றது. அங்குப் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தால் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை அறுவைகளைச் செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியை விரிவாக்கியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், உணர்விழந்த பாதம் பற்றிய இவ்வறிவை நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் பயன்படுத்தினார்.

நிறைவுரை

இவ்வாய்வில் புதிய மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை. எலும்பு மருத்துவம் அறிந்த ஒன்றும் தொழுநோய் மருத்துவம் எதிர்கொண்ட ஒன்றும் ஒரே நோயாளியிடம் இணைக்கப்பட்டன. அறுவைக்குப் பின் நோயாளி எவ்வாறு உழைக்கிறார், உண்கிறார், உறங்குகிறார் என்று தொடர்ந்து நோக்கியதாலேயே இரண்டாவது உண்மை வெளிப்பட்டது. சிகிச்சையின் முடிவு நோயாளி வீடு திரும்பும் நாளன்று. அதன்பின் அவர் வாழ்வதையும் ஆய்வுக்களமாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வாய்விலிருந்து பெறப்படும் கருத்தாகும்.