மஞ்சள் கரு: அன்று விலக்கு, இன்று வழக்கு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பது தெரியவந்தால் டாக்டர் தவறாமல் சொல்லும் பத்தியம் ஒன்று உண்டு: "முட்டை சாப்பிடலாம், மஞ்சள் கரு வேண்டாம்." அதற்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுப்பார் அப்பா. மஞ்சளை மட்டும் கரண்டிக் காம்பால் நெம்பி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தட்டில் வைப்பார். வெள்ளைக் கருவில் உப்பும் மிளகுத்தூளும் தூவித் தான் சாப்பிடுவார்.

இந்தப் பத்தியத்தின் வேர் மிகப் பழையது. 1913-இல் ரஷ்ய ஆய்வாளர் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி கொடுத்தார். அவற்றின் ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்தது. ஆனால் முயல் தழை தின்னும் பிராணி. உணவில் வரும் கொலஸ்ட்ராலைச் சமாளிக்க அதன் உடலுக்குத் தெரியாது. மனிதனின் கதை வேறு. நமக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது; சாப்பாட்டில் கூடுதலாக வந்தால், பெரும்பாலானோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. இந்த நுணுக்கமெல்லாம் தெளிவாகும் முன்பே மாரடைப்பு அமெரிக்காவை உலுக்கிவிட்டது. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு என்று வரம்பு வைத்தது. ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 186 மில்லிகிராம் இருக்கிறது என்பதால், உலகெங்கும் முதல் குற்றவாளி ஆனது முட்டைதான்.

அப்பாக்கள் மஞ்சள் கருவை ஒதுக்கிய அதே காலத்தில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முட்டை நுழைந்தது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் கருணாநிதி ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. அது படிப்படியாக உயர்ந்து, பள்ளி நாள்தோறும் ஒன்று என்றானது. அப்பாவுக்கு விலக்கு, பிள்ளைக்குச் சத்து. இதை யாரும் முரண்பாடாக நினைக்கவில்லை. அறிவுரை ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அன்றைய முறையின் பலம் அது. அதன் குறை, சொன்னதன் ஆதாரத்தைக் கேட்க நோயாளிக்கு வழியே இல்லாமல் போனது. 2015-2020 காலத்துக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அந்த 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ வீடுகளில் மஞ்சள் கரு ஒதுக்கப்பட்டுக்கொண்டேதான் இருந்தது.

இன்று செல்போனைத் திறந்தால், பேலியோ உணவுமுறைக் குழு ஒன்றில் காலைச் சாப்பாட்டுக்கே நாலு முட்டை என்கிறார்கள். அடுத்த வீடியோவில் மஞ்சள் கரு மாரடைப்பைக் கொண்டுவரும் என்கிறார்கள். இருவரும் ஆய்வைக் காட்டுகிறார்கள். இரண்டு ஆய்வும் உண்மையானவை. 2019-இல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு, முட்டை கூடக்கூட இதய நோய் ஆபத்தும் கூடுவதாகக் கண்டது. 2020-இல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்த ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை சாப்பிடுவோருக்குப் பொதுவாக அப்படி ஆபத்து தெரியவில்லை என்றது. முதல் ஆய்வு, பங்கேற்றவர்களிடம் சாப்பாட்டு விவரத்தைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை கேட்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் கேட்டது. இரண்டுமே யாருக்கும் முட்டை கொடுத்துச் சோதித்தவை அல்ல. அமெரிக்க மக்கள் தாமாகச் சாப்பிட்டதைக் கணக்கெடுத்தவை. அமெரிக்கத் தட்டில் முட்டையோடு பன்றி இறைச்சியும் வெண்ணெயும் சேர்ந்தே வரும். எந்தக் கெடுதல் எதனால் என்று முழுவதுமாகப் பிரித்தெடுப்பது கடினம்.

அரை நிமிட வீடியோவில் இந்த விவரமெல்லாம் உதிர்ந்துபோய் முடிவு மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் இத்தனை குழப்பம். உதிர்ந்ததை நாம்தான் மூன்று கேள்விகளால் மீட்டெடுக்க வேண்டும். யாருக்கு? வளரும் பத்து வயதுச் சிறுமிக்கும், பரம்பரையாகவே எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் எகிறி நிற்கும் குடும்பத்தவருக்கும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த சர்க்கரை நோயாளிக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. எவ்வளவு? 2019-இல் அமெரிக்க இதயச் சங்கமே, ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்றது. அதை நாலு முட்டைக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதற்குப் பதிலாக? பூரி மசாலாவுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டை என்றால் ஒரு கணக்கு. பரோட்டா சால்னாவுக்கு மேல் இரண்டு கலக்கி என்றால் வேறு கணக்கு.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத அறிவுரையை, அதைச் சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், உங்கள் தட்டுவரை வர விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டரிடம் போய், "எனக்கு எத்தனை, ஏன்?" என்று கேளுங்கள். உணவை மாற்றினால், அவர் சொல்லும் இடைவெளி விட்டு மறுபடியும் பரிசோதித்துப் பாருங்கள். அப்பாக்கள் கேட்கத் தயங்கிய அந்த "ஏன்?" இன்று நம் கையில் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால், எத்தனை வீடியோ பார்த்தும் பயன் இல்லை.