இரட்டை விளிம்புக் கல்

கிரிவலப் பாதையில் வாங்கிய ஸ்படிக உருண்டை அசல்தானா என்று போளூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு தலைமுடியின் மேல் உருண்டையை வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஸ்படிகமானால் சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

இதே இரட்டைத் தோற்றம் ஒரு புதுக் கனிமத்தையே காட்டிக்கொடுத்திருக்கிறது. 1945-ல் டப்ளினில் ரிச்சர்டு டாஃப் என்பவர், பழைய நகைகளிலிருந்து கழற்றிய கற்களை ஒரு நகைக்கடையில் மொத்தமாக வாங்கினார். அதில் வெளிர் ஊதாவில் ஒரு கல். ஒன்றரை காரட்டுக்கும் குறைவு. ஸ்பினல் என்றுதான் எவரும் சொல்வார்கள். அடர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஸ்பினல் ஒளியை இரண்டாகப் பிரிக்காது. இந்தக் கல்லுக்குள் பார்த்தால், பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் அச்சகத்தில் தள்ளி விழுந்த கல்யாணப் பத்திரிகை எழுத்துபோல இரட்டை இரட்டையாக நின்றன. டாஃப் அதை லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். பெரிலியம், மக்னீசியம் இரண்டும் சேர்ந்த கனிமம் என்று 1951-ல் உறுதியானது. அவர் பெயராலேயே அது டாஃபைட். பட்டை தீட்டிய கல்லிலிருந்து முதன்முதலாக அறியப்பட்ட கனிமம் இதுதான்.

பிறகு கிடைத்தவற்றில் பல, இலங்கையின் ரத்தினச் சரளையில் ஸ்பினலோடு கலந்து வந்தவை. நல்ல கல் காரட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும். ஆனால் வாங்குபவர் சேகரிப்பாளர். சாதாரண நகைக்கடையில் இந்தப் பெயரே தெரியாது.

நம் வீடுகளிலும் இலங்கைக் கல் வைத்த பழைய நகைகள் இருக்கின்றன. அவற்றை அழிக்கக் கொடுக்கும்போது நடப்பதைப் பார்த்தால் வயிறெரிகிறது. எடையில் கல்லைக் கழிக்கிறார்கள், குறடால் நெம்பி எடுக்கிறார்கள், விளிம்பு உடைந்தாலும் கவலையில்லை. பாட்டி போட்டிருந்த கல் என்னவென்று யாரும் கேட்பதில்லை. தங்கத்துக்கு ரசீது வாங்குகிறோம். கல்லைக் கையில் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லக்கூட நமக்குத் தோன்றுவதில்லை.

கேட்டு வாங்குங்கள். ஊதா, இளஞ்சிவப்புக் கற்களைப் பத்து மடங்கு லென்ஸில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரட்டை தெரியாமலும் போகும். இரட்டையாகத் தெரிவதெல்லாம் டாஃபைட்டும் அல்ல, செவ்வந்திக்கல்லும் அப்படித்தான் காட்டும். ரத்தினப் பரிசோதனைக்கூடத்தில் ஒளிவிலகல் எண் பார்த்தால் செவ்வந்திக்கல் 1.54-லும் டாஃபைட் 1.72-ஐ ஒட்டியும் நிற்கும்.