சிமென்ட் பூமியில் மரமல்லி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதுவீட்டு வாசலுக்கு வாசனை மரம் தேடுகிறவர்கள் பலருக்கு முதலில் நினைவு வருவது மரமல்லி. கிடுகிடுவென்று வளரும், மழைக்காலத்தை ஒட்டிப் பூத்துத் தள்ளும். விரல் நீளக் குழல், அதன் நுனியில் வெள்ளை இதழ்கள். பொழுது சாய்ந்து விரியும் பூவுக்கு நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி வரும். விடிந்தால் வாசல் முழுக்க வெள்ளை.

விதைக்கு மட்டும் அலையாதீர்கள். பர்மா பக்கத்து மரமான இது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாய்மரத்தின் வேர்க்கன்றுகளே தெருவெங்கும் நிற்கும்போது எப்படிக் காய்க்கும்?

வேர்க்கன்றுதான் வழி. நல்ல மழை பெய்து மண் இளகியதும், கன்றைப் பிடித்து இழுக்காமல், இருபுறமும் மம்மட்டியால் வெட்டித் தாய்வேரின் துண்டோடு எடுக்க வேண்டும். இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பையில் நிழலில் வையுங்கள். துளிர்த்த பிறகு நடலாம். கரிசல் மண் கோடையில் வெடித்து இளவேரை அறுத்துவிடும் என்பதால் குழியில் செம்மண்ணும் எருவும் தாராளமாகப் போடுங்கள். கிளை காற்றுக்குச் சட்டென முறியும். சுவரையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி நடுவது நல்லது.

இவ்வளவும் செய்துவிட்டு, மரம் ஆளுயரம் வந்ததும் அடிவரை பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். ஒருகாலத்தில் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூரில் சிமென்டாகிறது. இதே பூமியில் 1940-இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் பதிவுசெய்த சாத்தனூர் கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழைய மரம், 18 மீட்டர் நீளம். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். வாசலில் உயிரோடு நிற்கும் மரத்தையோ நாமே கல்லுக்குள் வைக்கிறோம். மழைநீர் இறங்காது, வேர் மூச்சுவிடாது, வேர்க்கன்று தலைகாட்டவும் இடமில்லை. விதையும் இல்லாத மரத்துக்கு அடுத்த தலைமுறை ஏது?

சேறாகும், பூச்சிபொட்டு அடையும், கூட்டிப் பெருக்க முடியாது என்பார்கள். சரிதான். அதற்காக வாசல் முழுவதையும் மூட வேண்டுமா? அடிமரத்தைச் சுற்றி நாலடி விட்டால் போதும். ஏற்கெனவே பதித்தவர்கள் கடப்பாரையால் இரண்டு வரிசையைப் பெயர்த்து எருவைக் கொட்டிவிடுங்கள். கன்று கிளம்பினால், வேறு ஊரிலிருந்து மரமல்லி கொண்டுவந்து வைத்தவர் யாரென்று விசாரித்து அவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தாய்மரத்து வாரிசுகள் ஒரே தெருவில் பூத்தால்தான் காய் பிடிக்க வாய்ப்பு.